முடி கொட்டினால் முதலில் எதைப் பார்ப்பது?

எஸ்.பி.எம். முடிந்து 3 மாதத்தில் என் தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. பாட்டி தண்ணீரைத் திட்டினார், அம்மா ஷாம்பூவை. எண்ணெய்க்கு மட்டும் 80 வெள்ளி செலவு! பிறகு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி இரத்தம் சோதித்தபோதுதான் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. தேர்வுக் காலம் முழுக்கப் பசியாறாமல் தேத்தண்ணியோடு ஓட்டியதன் பலன்.

நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான். ஆனால் பட்டினி, காய்ச்சல், மனஉளைச்சல் ஆகியவற்றின் பாதிப்பு 2, 3 மாதம் கழித்தே தலையில் தெரியும். அதற்குள் காரணம் மறந்துவிடுகிறது. நேற்று வாங்கிய ஷாம்பூ பழி சுமக்கிறது. (பையன்களுக்கு நெற்றி ஏறுவது பெரும்பாலும் பரம்பரை, அது வேறு கதை.)

‘சொட்டை’ என்று கேலி செய்கிறோமே, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டோமா? தங்கை இப்போது படிவம் 5. காலையில் அவள் தட்டைத்தான் பார்க்கிறேன்.