"அதை ஆர் பாக்கிறது?"

அவுஸ்திரேலியாவில் நடக்கிற பெண்கள் றக்பி லீக் பற்றி எழுதப்போறம் என்று சொன்னதும் எங்கட பட்ச்சில் ஒரு நண்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். நாங்களும் போன வருசம் வரைக்கும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஹொஸ்டலில் ஒரு ஃபோனைச் சுற்றி நாலைந்து பேர் குந்தியிருந்து போட்டித் துண்டுகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியிலேயே ஏதோ பிழை இருக்கிறது என்று விளங்கியது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இலங்கையில் றக்பி என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது றோயல், றினிற்றி பாடசாலைகளின் பிரட்பி கேடயமும் கண்டிக் கழகமும். அது 15 பேர் விளையாடும் றக்பி யூனியன். றக்பி லீக் வேறு. அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவரை எதிரணி ஆறு தடவை மடக்கிவிட்டால் பந்து கைமாறும். ஒரு ட்ரைக்கு 4 புள்ளி. யூனியனை விட வேகம் கூட, நிறுத்தங்கள் குறைவு.

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மிச்சக் கதை பிடிபடும். 1895 ஓகஸ்ட் 29இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தில் ஒரு ஹோட்டலில் வடக்குக் கழகங்கள் கூடி, றக்பி யூனியனை விட்டுப் பிரிந்தன. பிரிவுக்குக் காரணம் விளையாட்டு விதிகள் இல்லை, சம்பளம். வடக்கில் விளையாடியவர்களில் கனபேர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழந்த கூலியைத் தாங்கோ என்று கழகங்கள் கேட்டன. தெற்கில் இருந்த வசதியான கனவான்கள், காசு வாங்கி விளையாடுவது விளையாட்டுக்கே இழுக்கு என்று மறுத்தார்கள். அவர்களிடம் நேரமும் இருந்தது, காசும் இருந்தது. 1907இல் அவுஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அலெக்ஸ் பேர்டன் என்ற வீரர் விளையாடும்போது காயப்பட்டார், வேலைக்குப் போக முடியவில்லை, யூனியன் நட்டஈடு கொடுக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1908இல் சிட்னியில் றக்பி லீக் போட்டிகள் தொடங்கின.

அதாவது, "விளையாடுகிறவனும் சாப்பிட வேணும்" என்ற ஒரு கோரிக்கையில் பிறந்த விளையாட்டு இது. தொழிலாளர்களின் விளையாட்டு என்று இண்டைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எங்கட கேள்வி மிகச் சுலபமானது. அந்த நியாயம் பெண்களுக்குப் போய்ச்சேர ஏன் நூறு வருசத்துக்கு மேல் எடுத்தது?

பார்க்க ஆளில்லை என்பதுதான் வழமையான பதில். சரி, 1921க்குப் போவோம். அந்த வருசம் செப்டெம்பரில் சிட்னியில் இரண்டு பெண்கள் அணிகள் றக்பி லீக் விளையாடின. பார்க்க வந்த கூட்டம் ஏறத்தாழ 20,000. மேகி மலோனி என்ற பெண் அன்றைக்கு நாலு ட்ரை போட்டார். இதற்குப் பிறகு என்ன நடந்திருக்க வேணும்? அடுத்த வாரம் இன்னொரு போட்டி, அடுத்த வருசம் ஒரு தொடர். நடந்தது வேறு. லீக் நிர்வாகம் ஆதரவு கொடுக்கவில்லை, முயற்சி மெல்ல மெல்லச் செத்துப்போனது. பார்க்க ஆள் வந்தது. விளையாட இடம்தான் இல்லாமல் போனது. பிறகு வந்த தலைமுறைகளிடம் "பெண்கள் விளையாடினால் ஆர் பாக்கிறது" என்று கேட்பது, கடையைப் பூட்டிவிட்டு வியாபாரம் இல்லை என்று சொல்வது மாதிரி.

இப்போது எங்கட காலத்துக்கு வருவோம். பெண்களுக்கான தேசிய லீக், என்.ஆர்.எல்.டபிள்யூ, 2018இல் தொடங்கியது. நாலு அணிகள், மூன்று சுற்று, ஒரு இறுதிப்போட்டி. மொத்தம் ஏழு போட்டியோடு பருவகாலம் முடிந்தது. ஆண்களின் இறுதிக்கட்டப் போட்டிகளோடு ஒட்டவைத்தது மாதிரி நடத்தினார்கள். ஒரு போட்டி 60 நிமிடம், ஆண்களுக்கு 80. அந்தக் காலத்து வீராங்கனைகளில் ஒருவர் ரூவான் சிம்ஸ். அவுஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய தொழில் தீயணைப்பு. நாட்டுக்கே தலைவியாக இருந்தவர் பயிற்சியை வேலை முறைகளுக்கு இடையில் செருகித்தான் விளையாட வேண்டியிருந்தது.

2023இல் அணிகள் பத்தாகின, 2025இல் பன்னிரண்டு. 2025இல் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருக்கா மோதியது: 11 சுற்று, 66 போட்டி, அதற்குப் பிறகு இறுதிக்கட்டம். ஏழிலிருந்து 66க்கு வர ஏழு வருசம் போதுமாக இருந்தது. ஆண்கள் அணி ஒன்று வழமையான சுற்றில் 24 போட்டி ஆடுகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேணும்.

போட்டி எண்ணிக்கையை நாங்கள் ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறோம்? காரணம் இருக்கிறது. நியூகாசில் நைட்ஸ் அணியின் கதையைப் பாருங்கோ. நியூகாசில், சிட்னிக்கு வடக்கே இருக்கிற நிலக்கரித் துறைமுக நகரம். கொரோனாவால் தள்ளிப்போன 2021 பருவகாலம் 2022 தொடக்கத்தில்தான் நடந்தது. அதில் நைட்ஸ் பெண்கள் விளையாடிய ஐந்து போட்டியிலும் தோல்வி, கடைசி இடம். அதே வருசம் ஓகஸ்டில் அடுத்த பருவகாலம் தொடங்கியது. பிரிஸ்பேனில் இருந்து மிலி பொய்ல், டமிகா அப்டன் போன்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒக்டோபரில் பரமட்டா ஈல்ஸ் அணியை 32–12 என்று வென்று கிண்ணம் தூக்கினார்கள். 2023இல் கோல்ட் கோஸ்ட் டைற்றன்ஸை 24–18 என்று வென்று திரும்பவும் சம்பியன்.

இதில் எங்களுக்குப் பிடித்தது வெற்றி மட்டும் இல்லை. 2022 இறுதிப்போட்டிக்கு வந்த ஈல்ஸ் அணி, வழமையான சுற்றில் ஐந்தில் ஒரே ஒரு போட்டிதான் வென்றிருந்தது. ஆறு அணிகளில் நாலு அணி அடுத்த கட்டத்துக்குப் போகும் என்பதால் நாலாம் இடத்தில் தப்பிப் பிழைத்து, அதுவரைக்கும் தோற்காமல் வந்த ரூஸ்ரர்ஸை அரையிறுதியில் வீழ்த்தினார்கள். கேட்க நல்ல கதைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஐந்து போட்டியில் ஒரு அணி நல்லதோ கெட்டதோ என்று ஆருக்கும் தெரியாது. புதுசாய் வந்த 19 வயசுப் பிள்ளை இரண்டு போட்டியில் சொதப்பினால் அவளுடைய பருவகாலத்தில் பாதி போய்விட்டது. திருத்திக்கொள்ள நேரமில்லை. ஆண்களில் அதே வயசுப் பெடியனுக்கு இன்னும் இருபது போட்டி இருக்கும். "பெண்களின் தரம் குறைவு" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருக்கா போட்டுப் பார்க்கலாம். தரம் விளையாடி விளையாடித்தான் வரும்.

சம்பளத்திலும் ஒரு மாற்றம் வந்தது. 2023இல் வீரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் இடையில் நீண்ட இழுபறி. வீரர்கள் ஊடகங்களோடு கதைக்க மறுத்தார்கள். ஓகஸ்டில் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, முதல்தடவையாகப் பெண்களும் அதற்குள் வந்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2023இல் 30,000 டொலர், 2027இல் 50,600 டொலர். மருத்துவக் காப்புறுதியும் மகப்பேற்றுக்கான ஏற்பாடும் சேர்த்து. அங்கத்தைய வாழ்க்கைச் செலவுக்கு 30,000 காணாது, ஆண்களுக்கு இதைவிடப் பல மடங்கு. ஆனாலும் 1895இல் சுரங்கத் தொழிலாளி கேட்ட அதே இழந்த கூலி, 128 வருசத்துக்குப் பிறகு பெண்களுக்கு ஒரு தாளில் எழுதப்பட்டது. அதைச் சின்ன விசயம் என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

இவ்வளவும் மேல்மட்டம். எங்களுக்கு உண்மையில் அக்கறை இருப்பது அடிமட்டத்தில், பிரதேச லீக்குகளில். கன்பரா பிரதேசத்தில் பெண்கள் றக்பி லீக் போட்டிக்கு கற்றினா ஃபனிங் கேடயம் என்று பெயர். விராட்ஜுரி பூர்வகுடியைச் சேர்ந்த கற்றினா ஃபனிங், 1995இல் அவுஸ்திரேலியப் பெண்கள் நியூசிலாந்துக்கு எதிராக விளையாடிய முதல் டெஸ்ட் போட்டியில் ஆடியவர். கன்பராவின் புறநகரங்களும், யாஸ், கோல்பேர்ன் மாதிரியான சுற்றுவட்டச் சிறு ஊர்களும் சேர்ந்த பிரதேசம் அது. குளிர்கால வார இறுதிகளில் காரில் ஒரு மணித்தியாலம் ஓடிப்போய் விளையாடிவிட்டு வருகிற வாழ்க்கை. தொலைக்காட்சியில் வருகிறவர்களை விட இப்படி விளையாடுகிறவர்கள்தான் எண்ணிக்கையில் எத்தனையோ மடங்கு.

இந்தப் பிரதேச லீக்குகள் இல்லாமல் மேலே ஒன்றும் இல்லை. அவுஸ்திரேலியாவில் கனகாலமாகச் சிறுமிகள் 12 வயசு மட்டும் பெடியன்களோடு சேர்ந்து விளையாடலாம். அதற்குப் பிறகு? பெண்களுக்கென்று அணி இருக்கிற ஊர் என்றால் தொடரலாம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கவேண்டியதுதான். திறமையான எத்தனை பேர் அந்த 12 வயசில் நின்றுபோயிருப்பார்கள்! இப்போது படிகள் இருக்கின்றன: பிரதேசக் கழகம், 19 வயசுக்குட்பட்டோருக்கான டார்ஷா கேல் கிண்ணம், மாநிலப் போட்டி, பிறகு தேசிய லீக். ஏணியில் ஒரு படி உடைந்தாலும் கீழே நிற்கிறவளுக்கு மேல்படி வெறும் காட்சிப்பொருள்தான்.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஒளிபரப்புக் காசில் பெரும்பகுதியை ஆண்களின் போட்டிதான் கொண்டுவருகிறது என்கிறார்கள். உண்மை. ஆனால் அந்த ஆண்களின் போட்டிக்குப் பின்னால் நூறு வருசத்துக்கு மேற்பட்ட இடைவிடாத பருவகாலங்கள் இருக்கின்றன. இன்னொன்று, அணிகளை வேகமாகக் கூட்டினால் திறமை ஐதாகிப்போய் ஒருபக்கச் சாய்வான போட்டிகள் வரும் என்கிறார்கள். இதில் எங்களுக்கும் கொஞ்சம் பயம்தான். பெரிய லீக் விரியும்போது சிறு ஊர்க் கழகத்தின் நல்ல வீராங்கனைகளை எல்லாம் மேலே உறிஞ்சிக்கொண்டு போகும். மேலே காசு போகிற அளவுக்குக் கீழே மைதானம், பயிற்றுவிப்பாளர், பஸ் காசு போகாவிட்டால், ஊர் லீக் வெறுமையாகிவிடும். அதனால்தான் சொல்கிறோம், இறுதிப்போட்டிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்து வளர்ச்சியை அளக்காதேங்கோ. ஒரு சின்ன ஊரில் 13 வயசுப் பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமை போட்டி இருக்கிறதா? அந்தக் கேள்வியில் அளவுங்கோ.

எங்கேயோ நடக்கிற விளையாட்டு எங்களுக்கு எதுக்கு என்று கேட்கலாம். எங்கட தர்ஜினி சிவலிங்கத்தை எடுங்கோ. 2019 உலகக்கிண்ண வலைப்பந்தாட்டத்தில் 348 கோல், தொடரிலேயே ஆகக்கூட. அவர் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கிலும் விளையாடியவர். தேசிய லீக் இல்லை, மாநில லீக். வாராவாரம் போட்டி நடக்கிற ஒரு பருவகாலம் அங்கே கீழ்மட்டத்திலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து போன ஒருவருக்கு இடம் கொடுக்கிற அளவுக்கு அந்த ஏணி அகலமாக இருந்தது.

எங்களில் மூன்று பேர் பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவர்கள். மூன்று பேரும் ஓ/எல் வருசத்தில் நிறுத்தியவர்கள். ஒருத்தியை வீட்டில் நிற்பாட்டினார்கள், மற்ற இருவருக்கும் விளையாடப் போட்டியே இல்லை. வருசத்தில் ஒரு கோட்ட மட்டப் போட்டி, காலமை தோற்றால் மத்தியானம் வீட்டை வரலாம். ஒரு நாளுக்காக ஆர் வருசம் முழுக்கப் பயிற்சி செய்வது?

பல்கலைக்கழகம் வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. போன வருசம் எங்கட பீடங்களுக்கிடையிலான பெண்கள் போட்டிகளை ஒரே நாளில் நடத்தி முடித்துவிட்டார்கள். ஆண்களின் கிரிக்கெட் மூன்று வாரம் போனது. கேட்டபோது கிடைத்த பதில் என்ன தெரியுமா? "உங்கட மட்ச்சை ஆர் பாக்கிறது?"

இந்த வருசம் நாங்கள் கேட்கப்போவது பெரிய காசு இல்லை. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு பின்னேரம், ஒரு மைதானம். ஒவ்வொரு பீடமும் மற்றப் பீடத்தோடு ஒருக்காவாவது மோதவேணும். கடிதம் எழுதியாச்சு, கையெழுத்துச் சேர்க்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்ட எங்கட நண்பனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். புள்ளி எழுதுகிற வேலை தனக்கு வேணுமாம்.