கல்யாண வீடியோவில் பந்தியை வெட்டாதீங்க!

மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்றதும் அடுத்து வருவது போட்டோ, வீடியோ பேச்சு. ஸ்டூடியோக்காரர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு "என்னென்ன எடுக்கணும்னு சொல்லுங்க" என்பார். கேட்பதும் அவர்தான், லிஸ்ட் போடுவதும் அவர்தான். பொண்ணு மேக்கப் போடுவது, கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பது, மாப்பிள்ளை வாட்ச் கட்டுவது, இரண்டு பேரும் ஸ்லோமோஷனில் நடந்து வருவது, ட்ரோன் ஒரு சுற்று, தாலி கட்டுவது, ரிசப்ஷன் டான்ஸ். கடைசியில் நாலு நிமிஷத்துக்கு ஒரு படம், இன்ஸ்டாகிராமில் போட முப்பது செகண்டுக்கு ஒரு துண்டு. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் எந்த வீட்டுக் கல்யாணம் என்றே கண்டுபிடிக்க முடியாது.

இந்த லிஸ்டில் எங்கே தேடினாலும் இல்லாதது பந்தி.

பழைய கல்யாண கேசட்டுகளைப் பார்த்து இப்போதைய பசங்க கிண்டல் அடிப்பார்கள். நியாயம்தான். மூணு மணி நேர வி.எச்.எஸ். டேப். ரோஜாப்பூ சுழன்று விரிய, அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை முகம் வரும். இதயத்துக்குள்ளே பொண்ணு முகம். கண்ணைக் கூச வைக்கும் லைட்டை ஒரு பையன் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் ஒயர் மண்டபம் முழுக்க ஓடி நாலு பேரைத் தடுக்கிவிடும். அந்த லைட் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் போதும், சாம்பார் சாதம் இலைக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றுவிடும். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். யாராவது ஒரு மாமா "எங்கள ஏம்ப்பா எடுக்கற, போய் பொண்ணு மாப்பிள்ளைய எடு" என்று எச்சில் கையை ஆட்டுவார். கேமரா அசராது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போகும்.

இருபது வருஷம் கழித்து அதே கேசட்டை வீட்டில் போடும்போது கவனித்துப் பாருங்கள். தாலி கட்டுவதை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். அப்புறம் ஃபார்வர்ட். பந்தி வந்ததும்தான் "நிறுத்து நிறுத்து, கொஞ்சம் பின்னாடி போ" என்று குரல் வரும். "இது கும்பகோணத்துப் பெரியப்பாடா, அடுத்த வருஷமே போயிட்டார்." "இந்த டவுசர் போட்ட பொடியன் யாரு, நம்ம இன்ஜினியர் சாரா?" "அப்பல்லாம் சித்தப்பாவும் அத்தையும் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க, பாரு, பக்கத்துப் பக்கத்து இலை..."

மேடையில் ஏறி குரூப் போட்டோவுக்கு நிற்க எல்லோருக்கும் தோதுப்படாது. பக்கத்து வீட்டு அம்மா கூச்சப்படுவார். அப்பாவோடு வேலை பார்த்தவருக்கு பஸ்ஸைப் பிடிக்கணும். பழைய மனஸ்தாபம் உள்ள மாமா, மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மேடைப் பக்கமே திரும்பாமல் போய்விடுவார். அவர் வந்தார் என்பதற்கு மொய் நோட்டு ஒரு சாட்சி, பந்தி வீடியோ இன்னொரு சாட்சி. (மொய் நோட்டு மாதிரி கறாராக ஆடிட் ஆகிற கணக்கு வேறு எந்த வீட்டிலும் கிடையாது என்பது வேறு விஷயம் :-))

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ட்ரோன் ஷாட் மெஷினரி மாதிரி. வாங்கின நாளிலிருந்தே தேய்மானம். பத்து வருஷத்தில் அதுவும் ரோஜாப்பூ எஃபெக்ட் கதியை அடையும். பாட்டி இலையில் பாயசத்தை வழித்துச் சாப்பிடுகிற பத்து செகண்ட் இருக்கிறதே, அது நிலம். அதற்கு யாரும் தேய்மானம் போடுவதில்லை.

அடுத்த அநியாயம் சத்தம். அந்தக் காலத்து எடிட்டிங்கானாலும் இந்தக் காலத்து எடிட்டிங்கானாலும் முதலில் செய்கிற காரியம், மண்டபத்துச் சத்தத்தை அழித்துவிட்டு மேலே பாட்டு போடுவது. கெட்டிமேளம் சொல்லி ஐயர் கையைத் தூக்குவதும், நாதஸ்வரம் ஓங்குவதும், "அட்சதை எங்கடா" என்று யாரோ கத்துவதும் போயே போச்சு. மறைந்துபோன தாத்தாவுக்கு போட்டோ நூறு இருக்கும், குரல் ஒன்றுகூட இருக்காது. சினிமாப் பாட்டோடு யூட்யூபில் ஏற்றி, காப்பிரைட் என்று அதையும் ஊமையாக்கிவிட்டால் பாட்டும் போச்சு, பேச்சும் போச்சு.

இதில் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம்தான் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. உறவினர், நண்பர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகத் தங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னாலே போதும், அது கல்யாணம். (மாலையோ மோதிரமோ மாற்றினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி.) அப்படிச் சொல்கிற இடத்தில் வயலின் மியூசிக்கைப் போட்டால், கல்யாணத்தையே மியூட் பண்ணினதாக ஆகாதா? சாட்சியாக நிற்கிற உறவினரும் நண்பரும் இப்போதைய வீடியோக்களில் பின்னால் மங்கலாகத் தெரிகிற கலர் புள்ளிகள்.

சப்தபதி உள்ள கல்யாணத்துக்கு 1955ஆம் வருஷத்து மூலச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, ஏழாவது அடி எடுத்து வைக்கும்போதுதான் திருமணம் முழுமையாகிறது என்கிறது. ஆனால் தாலி கட்டி முடிந்ததுமே கேமரா கோஷ்டியில் பாதிப்பேர் டிபன் சாப்பிடக் கிளம்பியிருப்பார்கள். தாலி கட்டுகிற அந்த ஒரு நிமிஷமோ, வந்தவர்கள் பார்ப்பதெல்லாம் கேமராக்காரர்களின் முதுகு. அதற்கு இரண்டு கேமரா தாராளம். மேடையை மறைக்கக் கூடாது, "இன்னொரு வாட்டி கையில புடிங்க சார்" என்று கேட்கக் கூடாது என்பதை முன்னாலேயே சொல்லி வைப்பது நல்லது.

அப்படியானால் என்னதான் லிஸ்ட் போடுவது? சடங்குகளை ஸ்டூடியோக்காரரே பார்த்துக்கொள்வார், நூறு கல்யாணம் எடுத்தவர். அவருக்குத் தெரியாதது ஆட்கள். வீட்டுக்காரர்கள் எழுத வேண்டியது ஆட்கள் லிஸ்ட். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், தாய்மாமன் மாலை போடுவதற்கு முன்னால் அவர் கை நடுங்குவது, அடுப்படியில் மாஸ்டர், வெளியூரிலிருந்து பொண்ணுக்காக மட்டும் வந்த ஸ்கூல் டீச்சர், தாம்பூலப் பை கொடுக்க வாசலில் உட்கார்ந்தே கல்யாணத்தைப் பார்க்காமல் போகிற சித்தி. எல்லோரையும் அடையாளம் தெரிந்த ஒரு தம்பியையோ தங்கச்சியையோ கேமராமேனோடு சுற்ற விட்டால் போதும். பெரியவர்களிடம் ஒரு சின்ன மைக்கைக் குத்தி இரண்டு வார்த்தை பேசச் சொல்லலாம். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அழுவார்கள். அழட்டும், அதை வெட்டக் கூடாது.

நாலு நிமிஷப் படம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்ப நன்றாகத்தான் இருக்கும். எடிட் செய்யாத முழு ஃபுட்டேஜும் சத்தத்தோடு ஹார்ட் டிஸ்கில் வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். ஆறு மாசம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த மெமரி கார்டில் வேறு யாராவது தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது, டி.வி.டி. போட இப்போதைய லேப்டாப்பில் இடமே கிடையாது. பெண் வீட்டில் ஒரு காப்பி, மாப்பிள்ளை வீட்டில் ஒரு காப்பி. பீரோவில் பழைய கேசட் ஏதாவது கிடந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள், பந்தியோடு சேர்த்து.