ஊசிக்கு முன் ஒரு வார்த்தை

பல ஆண்டுகளுக்கு முன்னர் செய்தி சேகரிக்கச் சென்ற மலையகத் தோட்டமொன்றின் லயத்தில் ஓர் இளந்தாயைச் சந்தித்தேன். கருத்தடை ஊசி ஏற்றிக்கொண்ட அவருக்குச் சில மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. "கெட்ட ரத்தமெல்லாம் உள்ளுக்கே நிக்குதுங்க ஐயா" என்று கலங்கினார். அந்த ஊசியால் மாதவிடாய் நின்றுபோகலாம், அதனால் கேடில்லை என்று அவருக்கு எவரும் கூறியிருக்கவில்லை.

'டெப்போ புரொவேரா' மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் ஏற்றப்படுவது. ஓராண்டின் பின் ஏறத்தாழ அரைவாசிப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடும். தவணை தவறாவிடில் மிக உறுதியான பயன் தரும். நாள்தோறும் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. கணவனோ மாமியோ அறியவேண்டியதுமில்லை. அடுத்தடுத்த பிரசவங்களால் நலிந்த பெண்ணுக்கு இது பெரும் ஆறுதல். எனவே இதனைத் தடைசெய்யவேண்டும் என்போருடன் நான் உடன்படவில்லை.

ஆயினும் மறைக்கக்கூடாதவையும் உள. எலும்பின் அடர்த்தி குறைவது குறித்து 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. ஊசியை நிறுத்தியபின் மீண்டும் கருவுறப் பத்து மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட பாவனைக்கும் மூளையுறைக் கட்டிக்கும் தொடர்பிருப்பதை 2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று காட்டியது. அத்தகைய கட்டி அரிதானதே. எனினும் அறியும் உரிமை பெண்ணுக்கு உண்டு.

1985இல் ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் 'நெட்-என்' என்னும் வேறோர் ஊசிக்காக அழைக்கப்பட்ட பெண்களுக்கு, அது பரிசோதனை என்பதே விளக்கப்படவில்லை. பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றத்தை நாடின. இஸ்ரேலில் குடியேறிய எத்தியோப்பிய யூதப் பெண்களுக்கு டெப்போ ஏற்றப்பட்ட விதம் பெரும் சர்ச்சையானபோது, விளைவுகளைப் புரிந்துகொள்ளாதோருக்கு அதனைத் தொடரவேண்டாம் என 2013 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவுறுத்தியது. இரண்டு இடங்களிலும் விளக்கம் பெறாதோர் வறியோரும் சிறுபான்மையினருமே என்பது தற்செயலா?

நான் வேண்டுவது அதிகமன்று. ஊசி ஏற்றுமுன் அப்பெண்ணின் தாய்மொழியில் கால்மணி நேரம் பேசுங்கள். வேறு வழிகளையும் கூறுங்கள். வேண்டாம் என்றால் மதியுங்கள்.

எனது மருத்துவ நண்பர் ஒருவர் அந்தத் தாயைப் பரிசோதித்து, அஞ்சவேண்டியதில்லை என விளக்கினார். "மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு நாளு பயந்திருக்க மாட்டேனுங்களே" என்றார் அவர். அடுத்த தவணை ஊசியையும் அவர் விரும்பியே ஏற்றிக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன்.