இரானி ஓட்டலுக்கு ஒப்பாரி! நிலக் கொள்ளைக்கு மௌனமா?

பம்பாயில் இன்னொரு இரானி ஓட்டல் மூடப்படுகிறது என்று செய்தி வந்தால் போதும், பெரிய பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களில் ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. சலவைக்கல் மேஜை போயிற்றே, வளைகால் நாற்காலி போயிற்றே, கண்ணாடி ஜாடியில் அடுக்கிய பிஸ்கோத்து போயிற்றே, வெண்ணெய் தடவிய பன்னை டீயில் தோய்த்துத் தின்ற காலம் போயிற்றே! கடைசியில் காரணமும் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். ஜனங்களின் ருசி மாறிவிட்டதாம். கிழவரின் பிள்ளைகள் கல்லாவில் உட்கார மறுக்கிறார்களாம். எல்லாம் காலத்தின் கோலமாம்!

அந்தக் காலத்துக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

இந்தக் கடைகளிடம் நமக்கும் பிரியம் உண்டு. இரானின் யஜ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பம்பாய் முச்சந்திகளில் இவற்றைத் திறந்தார்கள். மூலைக் கடை ராசியில்லை என்று மற்ற வியாபாரிகள் ஒதுங்கினார்கள், அதனால் மூலைகள் இவர்களுக்குக் கிடைத்தன என்று சொல்வதுண்டு. விடியுமுன் கதவு திறக்கும். ஷிப்டு முடிந்தவனும், ஷிப்டுக்குப் போகிறவனும், வேலையே கிடைக்காதவனும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். என்ன ஜாதி, எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. பஞ்சாலையின் நெசவுப் பகுதியில் தீண்டாமை காட்டி தலித் தொழிலாளியை உள்ளே விடாத அதே நகரத்தில் இது சிறிய விஷயமல்ல. 1904இல் திறந்த கயானி, 1923இல் திறந்த பிரிட்டானியா முதலிய சில கடைகளின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில் மிஞ்சியது கொஞ்சமே.

ஆனால் கல்லாவில் உட்கார்ந்தவர் தர்மப் பிரபு அல்ல. மேஜை துடைத்த பையனுக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை, இரவில் எங்கே படுத்தான் என்று ஞாயிறு மலர்க்காரர்கள் ஒரு வரியாவது எழுதியதுண்டா?

டீ மலிவாக இருந்ததற்குக் காரணம் முதலாளியின் இளகிய மனசல்ல. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வாடகையை ஏறவிடாமல் கட்டிப்போட்டிருந்தது. அந்த வாடகையில்தான் சில காசுக்கு டீ ஊற்ற முடிந்தது. வாடகை ஏறவில்லை என்ற கோபத்தில் வீட்டுக்காரர்கள் ரிப்பேர் செய்யாமல் கட்டடங்களை நலியவிட்டார்கள். சுவர் விரிசல் கண்டதும் இடித்துக் கட்டும் பில்டர் வந்தான். பிறகு மூலைக் கடைக்கு அங்கே என்ன வேலை?

இது பாதிக் கதை. மறுபாதி கிர்ணகாவ் என்னும் பஞ்சாலைப் பகுதியில் இருக்கிறது. அதற்குச் சலவைக்கல் மேஜை இல்லை; ஆகவே ஒப்பாரியும் இல்லை.

ரத்னகிரியிலிருந்தும் சதாராவிலிருந்தும் வந்த மில் தொழிலாளர்களில் ஏராளமானோர் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டு வந்தவர்கள். பரேலிலும் லால்பாக்கிலும் ஒரே அறையில் பலர் முறை வைத்துப் படுத்தார்கள். இவர்களுக்குச் சோறு போட்டவர்கள் ‘கானாவள்’ நடத்திய பெண்கள். குடியிருக்கும் ஒற்றை அறைதான் சமையற்கட்டும் சாப்பாட்டுக் கூடமும். புருஷனை இழந்தவர்கள், வேலையிழந்தவனின் மனைவிகள், விடியுமுன் எழுந்து பாக்ரி தட்டி, மாதம் முழுவதும் கடனுக்குப் போட்டு, சம்பள நாளில் கணக்குப் பார்த்தார்கள். அரிசிக்கும் மாவுக்கும் வட்டிக்கடைக்காரனிடம் இவர்களே கடன்பட்டிருந்தார்கள். வேலைநிறுத்தம் வந்தால் சம்பள நாளே கிடையாது. அப்போதும் அடுப்பை அணைக்கவில்லை! பம்பாய்த் தொழிலாளி மாதக்கணக்கில் போராடினான் என்று சரித்திரம் எழுதுகிறவர்கள், அவன் தின்ற பாக்ரியைக் கடனுக்குத் தட்டியவள் யார் என்பதையும் எழுத வேண்டும். 1975இல் கம்யூனிஸ்டுத் தோழியர் பிரேமா புரவ், இப்படிப்பட்ட 14 பெண்களுக்கு தேசியமயமான வங்கியில் கடன் வாங்கிக் கொடுத்துத் தொடங்கியதுதான் அன்னபூர்ணா மகிளா மண்டல். வட்டிக்கடைக்காரனின் பிடி தளர்ந்தது. சர்க்கார் வங்கியின் பணம் அடுப்படி வரை போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

பிறகு 1982 ஜனவரி 18 வந்தது. சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவேயில்லை. முதலாளிகள் காத்திருந்தார்கள். துணியைவிட நிலம் அதிக லாபம் தரும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1991இல் வந்த விதி, மில் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நகரத்தின் திறந்த வெளிக்கும், இன்னொரு பங்கைப் பொது வீட்டு வசதிக்கும் ஒதுக்கச் சொன்னது. 2001இல் சத்தமில்லாமல் திருத்தினார்கள்: காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும்தான் பங்காம்! கட்டடம் நின்ற நிலமெல்லாம் முதலாளிக்கு. ஐகோர்ட் 2005இல் தடுத்தது. சுப்ரீம் கோர்ட் 2006இல் திருத்தம் செல்லும் என்றது. தொழிலாளி போனான், கானாவள் போயிற்று. அவன் டீ குடித்த மூலைக் கடை மட்டும் காற்றைக் குடித்து உயிர் வாழுமா?

அந்த மண்ணில் இப்போது சாப்பாட்டுக் கடையே இல்லையா என்றால், உண்டு! பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பெரிய மால் நிற்கிறது. கமலா மில் வளாகத்தில் மொட்டை மாடி உணவு விடுதிகள் வந்தன. 2017 டிசம்பர் 29 அன்று நள்ளிரவு கடந்ததும் அங்கே தீப்பிடித்து 14 பேர் மாண்டார்கள். தொழிலாளியின் அடுப்பை விரட்டிவிட்டு வந்த நாகரிகம் இது.

இந்தக் கதையில் தமிழன் பட்ட அடியும் உண்டு. 1966இல் தோன்றிய சிவசேனை, மராட்டிய வாலிபனின் வேலையைப் பறித்தவன் ‘மதறாஸி’ என்று கூச்சலிட்டது. உடுப்பி ஓட்டல்களின் மீது கல் விழுந்தது. இட்லி சுட்டவனையும் இலை எடுத்தவனையும் விரட்டினார்கள். மில் முதலாளியின் வாசலில் ஒரு கூழாங்கல்கூட விழவில்லை! 1970 ஜூனில் பரேல் தொழிலாளர்களின் சட்டசபைப் பிரதிநிதி தோழர் கிருஷ்ண தேசாய் கொல்லப்பட்டார். செங்கொடியின் கோட்டையை உடைத்த பிறகு நிலத்தை விற்பது சுலபமாயிற்று.

அதே கட்சி 1995இல் கூட்டணி சர்க்கார் அமைத்தபோது, ஒரு ரூபாய்க்கு ஜுண்கா பாக்ரி என்று முழங்கிற்று. நடைபாதைகளில் நல்ல நல்ல இடங்களாகப் பார்த்துக் கடைகள் ஒதுக்கப்பட்டன. சில ஆண்டுகளில் திட்டம் மடிந்தது. பல இடங்களில் பாக்ரி மறைந்து வேறு தின்பண்டம் வேறு விலைக்கு விற்பனையானது. பாக்ரியை விழுங்கியதும் நிலம்தான். 2020இல் பத்து ரூபாய் சிவ போஜனம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அதற்கு மில் நிலத்தில் எத்தனை சதுர அடி கொடுத்தீர்கள்?

லண்டனில் 2010 முதல் திஷூம் என்ற ஓட்டல் பழைய பம்பாய் இரானி கடையின் தோற்றத்தை அமைத்து நன்றாக வியாபாரம் செய்கிறது. செய்யட்டும், நமக்குப் பொறாமையில்லை. ஆனால் பரேல் கோபுரங்களின் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளியும், மாடிக்கு மாடி பொட்டலம் சுமக்கும் வாலிபனும் எங்கே உட்கார்ந்து டீ குடிப்பது? கோபுரத்துக்குள் உள்ள டீயின் விலை அவர்களுக்கு எட்டாது. வெளியே வண்டி வைத்து விற்பவனையோ முனிசிபாலிட்டி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் ஏட்டில் கிடக்கிறது.

மில் நிலத்தில் கட்டிய ஒவ்வொரு வளாகத்திலும் தெருவைப் பார்த்த தரைத்தளத்தில், வேலை செய்பவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கூடம் வேண்டும். அதை அங்கே சமைக்கும் பெண்களின் கூட்டுறவு நடத்த வேண்டும். வாடகையை முனிசிபாலிட்டி ஏற்க வேண்டும். பழைய மில் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இன்னும் வீட்டுக்காக வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். ஞாயிறு மலர் ஆசிரியர்களிடமும் நாம் ஒன்று கேட்கிறோம். அடுத்த இரானி கடைக்கு ஒப்பாரி எழுதும்போது, பன்னின் ருசியோடு சேர்த்து, அந்த மூலை யாருக்கு விற்கப்பட்டது, சதுர அடி என்ன விலைக்கு என்பதையும் அச்சிடுங்கள்.