சட்டைப் பொத்தானும் பஸ் படியும்

2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவைத் தேசம் முழுவதும் கொண்டாடியது நியாயமே. ஆனால் மாற்றுத்திறனாளிகள் என்றதும் பதக்கத்தை மட்டும் நினைக்கிற வழக்கம், தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்ட ஒருவரின் பெருமிதத்தை நம் கண்ணுக்குப் படாமல் செய்துவிடுகிறது.

எங்கள் தென்காசி ஜில்லாவிலேயே இதற்கு நிதரிசனம் உண்டு. பொறியியல் மாணவராயிருந்த ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன், 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல், தமக்குச் சிகிச்சையளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுற்ற ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பின்னாளில் அவரோடு கைகோத்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்தச் சரித்திரத்தைச் சொல்லுகிற எல்லோரும் விபத்திலிருந்து ஸ்தாபனத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம். நடுவிலே கிடக்கிற ஆறு வருஷத்தை யாரும் விசாரிப்பதில்லை.

முதுகுத் தண்டில் அடிபட்டவர்களின் அத்தகைய வருஷங்கள் எதனால் ஆனவை என்பது வைத்தியசாலைகளில் பணி செய்கிறவர்களுக்குத் தெரியும். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை தேகத்தைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வாரக்கணக்கில் கிடந்தவரைச் சட்டென்று நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வருமாதலால், பலகையில் வாரிட்டுக் கட்டி, நாளுக்கு நாள் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குவார்கள். விரல்கள் மடங்காதவர்கள் உள்ளங்கைப் பட்டையில் ஸ்பூனைச் செருகிக்கொண்டு, பாதி சிந்தினாலும் மீதியை வாய்க்குக் கொண்டுபோகக் கற்றுக்கொள்வார்கள். அந்த முதல் கவளத்தின் அளவுகோல் உண்டவரிடம் இருக்கிறதேயன்றி, பார்த்துக்கொண்டிருக்கும் நம்மிடம் இல்லை.

இதே ஜில்லாவின் திருவேங்கடத்துக் கரிசல் பூமியில், மழை பொய்த்த வருஷங்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது தீப்பெட்டி ஆபீஸ். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பெண்ணொருத்தி, வீட்டுத் திண்ணையிலிருந்து பெட்டி ஒட்டி, அக்கம்பக்கத்தாரைப் போலவே குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறாள் என்று வையுங்கள், “இந்தக் காலை வச்சுக்கிட்டு இம்புட்டு ஒட்டிட்டியே தாயி!” என்று ஒருவர் வியந்த மாத்திரத்தில், வேலைக்காரியென்ற அவளுடைய கௌரவம் போய், அனுதாபத்துக்குரிய பிராணியாகிவிடுகிறாள். ஒட்டியது கைதானே! இத்தகைய புகழ்ச்சியைக் காட்டிலும், ‘ஓரம் சரியாக ஒட்டவில்லை’ என்று கணக்குப்பிள்ளை குறை சொல்வது மரியாதையென்பேன்.

சிறு சாதனைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதற்கும் நான் சம்மதியேன். பொத்தான் போடுவது தேகத்தோடு நடத்துகிற போராட்டம். அதன் வெற்றி முழுவதும் அவருடையது. உயர்ந்த படியுள்ள பஸ்ஸில் கையூன்றி, இடுப்பை இழுத்து, கண்டக்டரின் அவசரத்துக்கு நடுவே ஏறுவதோ, பிறருடைய அசிரத்தை அவர்மேல் சுமத்திய பிரயாசை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை 2021-இல் தமிழக அரசு வழங்கிற்று. டிக்கெட்டின் விலை போயிற்று, படியின் உயரம் போகவில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து வருஷம் தவணை கொடுத்தது. விதிகள் வந்தது 2017-இல்.

சென்னையில் 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. திருவேங்கடம், சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்கு அவை வந்து சேரத் தாமதமாகுமென்றால், அதுவரை பேருந்து நிலையத்தில் படியின் உயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடையும் அதற்கு ஒரு சரிவுப் பாதையும் கட்டித்தர, பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கொத்தனாருக்குச் சில நாள் வேலை, அவ்வளவே.