பகல் தூக்கம் ஈடாகாது

'இரவுப் பணியாளருக்கு நோய் வருவது தூக்கக் குறைவால்தான். பகலில் ஈடுகட்டினால் போதும். உடல் கடிகார ஆராய்ச்சி வீண்' என்கிறார் ஒரு கட்டுரையாளர். இதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2014-இல் வெளியான சிகாகோ ஆய்வில் ஆரோக்கியமான 26 பேருக்கு எட்டு நாள்கள் ஐந்து மணி நேரத் தூக்கமே தரப்பட்டது. ஒரு குழு இரவில் தூங்கியது. மற்றதன் தூக்கத்தைச் சில நாள்கள் பகலுக்குத் தள்ளினார்கள். இரு குழுவினரும் தூங்கிய நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் இரண்டாம் குழுவின் ஆண்களிடம் முதல் குழுவைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு சரிந்தது. தூக்கக் குறைவு மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

'பழ ஈயை ஆராய்ந்து மனிதனுக்கு என்ன லாபம்?' என்ற அவரது கேள்வி இன்னும் மோசம். 1971-இல் ஆய்வாளர்கள் கொனோப்காவும் பென்சரும் ஈயில் அடையாளம் கண்ட, உடல் கடிகாரத்தை இயக்கும் 'பீரியட்' மரபணுவுக்கு மனித உடலிலும் உறவு மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பிழையால்தான் ஒரு குடும்பத்தினருக்குப் பொழுது சாய்ந்ததுமே கண் சொருகியது என்று 2001-இல் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் 2019-இலும் இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்றே வகைப்படுத்தியது. அந்த 'அநேகமாக' தெளிய வேண்டாமா? இரவெல்லாம் வார்டில் நிற்கும் செவிலியர் எப்போது சாப்பிடலாம், ஷிப்டை எந்த வரிசையில் மாற்றலாம் என்று ஆராயாமல் யார் சொல்வது?