அமெரிக்க குமாஸ்தாவின் நாற்காலி

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஜனாதிபதி மாறினால் பல ஊர்களில் போஸ்ட்மாஸ்டரும் மாறுவார். ஜெயித்த கட்சிக்காரர்களுக்கே சர்க்கார் உத்தியோகம் என்ற வழக்கம் 1829-ல் பதவியேற்ற ஜாக்ஸன் காலத்தில் வேரூன்றியது. 1881-ல் உத்தியோகம் கேட்டு ஏமாந்த ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான், அவர் மாண்டார். 1883-ல் பெண்டில்டன் சட்டம் வந்தது. பரீட்சையில் தேறியவருக்கே வேலை. கட்சிக்கு நிதி தர மறுத்தவரை நீக்கக் கூடாது. முதலில் சுமார் பத்தில் ஒரு பங்கு பதவிகளுக்கே பொருந்திய இச்சட்டம், பின்னர் பெரும்பாலானவற்றுக்கும் விரிந்தது.

கொள்கை சம்பந்தப்பட்ட பதவிகளில் இந்தப் பாதுகாப்பைத் தளர்த்த 2020-ல் டிரம்ப் உத்தரவிட்டார். 2021-ல் பைடன் ரத்து செய்தார். 2025-ல் டிரம்ப் மீண்டும் கொண்டுவந்தார். வேலை செய்யாத அதிகாரியை நீக்க வழி வேண்டும் என்ற வாதம் நியாயமே. ஆனால் ஆளுங்கட்சியைக் கண்டு குமாஸ்தா நடுங்கினால், சட்டத்தை நம்பி மனுவோடு வரும் சாமானியனுக்கு யார் துணை?